மரத்து மேல எந்த மெஷின்?

பட்டுக்கோட்டை கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. 2018 டிசம்பர் முதல் வாரம். கஜா புயல் அடித்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது. வழக்கமாக மண்வெட்டியும் பிவிசி பைப்பும் அடுக்கி வைத்திருக்கும் கடை வாசலில் அன்றைக்கு ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்று கலர் கலராக செயின் ஷாக்கள் உட்கார்ந்திருந்தன. அந்த மாசம் டெல்டாவில் அரிசி பருப்புக்கு அடுத்தபடியாக வேகமாக விற்ற பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முப்பது வருஷமாகத் தென்னை ஏறுகிறவர். பேராவூரணிப் பக்கம். கூட வந்தவன் அவருடைய அண்ணன் மகன், 24 வயசு. பெயரெல்லாம் வேண்டாம், சித்தப்பா, பையன் என்றே வைத்துக்கொள்வோம். பையன் சட்டைப் பையில் 28,000 ரூபாய். அம்மாவின் தோட்டையும் ஒரு சின்னச் சங்கிலியையும் அடகு வைத்த பணம்.

ஏன் இந்த அவசரம் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்காக: 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் தென்னையை நம்பியே இருக்கிற ஊர்கள். அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். முப்பது வருஷம் காய் கொடுத்த மரத்துக்கு 600 ரூபாயா என்று விவசாயிகள் கொதித்தது தனிக் கதை. பையன் கண்ணில் பட்டது அந்த இரண்டாவது எண் மட்டும்தான். வெட்ட 500.

கடையில் அவன் நேராகப் போய்த் தூக்கியது ஒரு 58 சிசி மெஷின். 22 அங்குல பார். கம்பெனி பெயர் ஏதோ ஒன்று, அடுத்த கடையில் அதே மெஷின் வேறு பெயரில் இருக்கும். விலை 8,000. பையன் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான்: பதினாறு மரம் வெட்டினால் மெஷின் காசு வந்துவிடும், பதினேழாவது மரத்திலிருந்து லாபம். (பிரேக்-ஈவன் என்று காமர்ஸ் வகுப்பில் பக்கம் பக்கமாகச் சொல்லித் தருவதை அவன் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான். அந்த 500-ல் வெட்டுகிறவன் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.)

சித்தப்பா விலையைக் கேட்கவில்லை. "எத்தனை சிசி"ன்னும் கேட்கவில்லை.

"தம்பி, அதைத் தூக்கி நெஞ்சுக்கு நேரா நீட்டிப் புடி."

"எதுக்கு சித்தப்பா?"

"புடிடா. புடிச்சிக்கிட்டு அம்பது எண்ணு."

பையன் எண்ண ஆரம்பித்தான். இருபதில் கை நடுங்கியது. முப்பத்திரண்டில் மெஷின் இறங்கிவிட்டது. கடைக்காரர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. "இன்னும் பெட்ரோலும் ஊத்தலை, ஆயிலும் ஊத்தலை" என்று மட்டும் சொன்னார்.

மேலே ஏறி வெட்டுகிற வேலைக்கு மெஷின் வாங்கும்போது முதல் கேள்வி எடைதான். உலகம் பூராவும் அப்படித்தான். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்த முதல் மின்சார ரம்பம் 64 கிலோ. இரண்டு பேர் தூக்க வேண்டும். 1950-ல்தான் அந்தக் கம்பெனி ஒரே ஆள் தூக்குகிற பெட்ரோல் மெஷினுக்கு வந்தது, அதுவும் 16 கிலோ. இன்றைக்கு எக்கோ கம்பெனியின் சிஎஸ்-2511டி என்கிற 25 சிசி மெஷின், பார், செயின் இல்லாமல் 2.3 கிலோ. மரம் ஏறுகிறவர்களுக்கென்றே செய்யப்படும் இந்த வகைக்கு சர்வதேசத் தர விதி ஒன்று இருக்கிறது. அதன்படி பாரும் செயினும் எரிபொருளும் இல்லாமல் 4.3 கிலோவுக்கு மிகக் கூடாது. கடை வாசலில் இருந்த 58 சிசி மெஷினோ எல்லாம் மாட்டி, டேங்கை நிரப்பினால் ஏழு கிலோவைத் தொடும். தரையில் ஏழு கிலோ பெரிய விஷயமே இல்லை. அறுபதடி உயரத்தில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, காலில் தளை இறுக்க, நாற்பது நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது வேறு ஏழு கிலோ. கை களைத்தால் வெட்டு கோணும். வெட்டு கோணினால் துண்டு எந்தப் பக்கம் சாயும் என்பது யாருக்கும் தெரியாது.

மரம் ஏறுகிறவர்களின் மெஷினுக்கு டாப் ஹேண்டில் என்று பெயர். கைப்பிடி பின்னால் நீட்டிக்கொண்டிருக்காமல் இஞ்சின் தலைக்கு மேலேயே இருக்கும். பிடித்தால் எடை கைக்கு நேர் கீழே தொங்கும், முன்னால் இழுக்காது. நெருக்கமான கிளைகளுக்கு நடுவில் திருப்பலாம். இடுப்பில் மாட்டித் தொங்கவிட்டால் காலில் இடிக்காது. ஸ்டில் எம்எஸ் 201 டி, ஹஸ்க்வார்னா டி435 எல்லாம் இந்த ரகம், இரண்டுமே 35.2 சிசி. இதில் ஒரு சுவாரசியம்: 201 வருவதற்கு முன்னால் இருந்த எம்எஸ் 200 டி மேல்நாட்டு மரமேறிகளிடம் ஒரு சினிமா ஸ்டார் மாதிரி. புகை விதிகள் இறுகியதால் அதை நிறுத்திவிட்டு 201-ஐக் கொண்டுவந்தபோது, ஆக்சிலேட்டரை அமுக்கினால் உடனே சீறவில்லை என்று ஒரே புலம்பல். பழைய 200 டி-யைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். பிறகு கம்பெனி எலக்ட்ரானிக் கார்புரேட்டர் போட்டு 201-ஐச் சரிசெய்தது. நம்ம ஊரில் பழைய ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு இருக்கிற கதைதான்.

பட்டுக்கோட்டைக் கடையில் டாப் ஹேண்டில் இல்லை. "சொன்னா சென்னைலேர்ந்து வரவழைச்சுத் தரேண்ணே, பத்து நாள் ஆகும்" என்றார் கடைக்காரர். விலையும் பையன் பையில் இருந்ததைத் தாண்டியது. சித்தப்பாவுக்கு அந்த வகை மேல் வேறு ஒரு சந்தேகமும் இருந்தது. எங்கோ ஒரு வேலையில் பார்த்திருக்கிறார்: "அது ஒத்தக் கையாலேயே புடிக்கச் சொல்லும்டா." அது உண்மைதான். அதன் வசதியே அதன் ஆபத்தும். இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் அறுக்கத் தோன்றும். செயின் ஷா பாரின் முனையில், மேல்பக்கக் கால்வட்டம் மரத்தில் பட்டால் மெஷின் அப்படியே எகிறி முகத்தைப் பார்த்து வரும். கிக்பேக். செயின் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், நெடுஞ்சாலையில் போகிற கார் வேகம். இரண்டு கையும் மெஷினில் இருந்தால் இடது மணிக்கட்டு முன்தடுப்பில் பட்டு செயின் பிரேக் விழ வாய்ப்பு இருக்கிறது. இடது கை கிளையில் இருந்தால்? தரையில் நிற்பவன் ஒரு அடி பின்வாங்கலாம், மரத்தில் கட்டிக்கொண்டிருப்பவன் எங்கே பின்வாங்குவான்? பிரிட்டனில் இந்த வகை மெஷினைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் தொட வேண்டும் என்று சொல்லி வைத்திருப்பது சும்மா இல்லை.

சரி, 22 அங்குல பாருக்கு வருவோம். பையனுக்கு அதுதான் கெத்தாகத் தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்த பார்வையே வேறு. அதற்குக் காரணம் 2012.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் போயின. மறு வருஷம் அங்கே மரம் வெட்டுகிற வேலைக்கு ஒரு கோஷ்டியோடு சித்தப்பாவும் போனார். ஒரு வீட்டு ஓட்டு மேல் சாய்ந்து நின்ற தென்னை. ஏறித்தான் துண்டு போட்டு இறக்க வேண்டும். கான்ட்ராக்டர் கொடுத்தது நீளமான பார் வைத்த பெரிய மெஷின். தென்னை நடுமரம் ஒரு அடிக்குப் பக்கத்தில்தான் குறுக்களவு இருக்கும். இருபது அங்குலத்துக்கு மேல் பார் இருந்தால் அரை அடிக்கு மேல் மரத்தின் மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மறுபக்கம் ஏறினவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவர் இடுப்புக் கயிறு அந்தப் பக்கமாகத்தான் சுற்றி வருகிறது. மற்ற மரம் என்றால் மேலே ஒரு கவட்டையில் இன்னொரு கயிறு போடலாம். தென்னையில் கிளை ஏது, கவட்டை ஏது? எதை வெட்டுகிறோமோ அதிலேயேதான் கட்டிக்கொள்ளவும் வேண்டும்.

துண்டு நல்லபடியாகத்தான் விழுந்தது. மெஷினை அணைத்துவிட்டுக் கயிற்றை இறக்கிப் போடப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூணு புரி வடத்தில் இரண்டு புரி இல்லை. பார் முனை எப்போது தொட்டது என்றே தெரியவில்லை. மிச்சம் ஒரு புரியில் இறங்கி வந்தார். அந்த வடத்தைத் தூக்கிப் போடவில்லை, வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் தொங்குகிறது. பையன் வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஏதோ பழைய கயிறு என்று நினைத்திருந்தான். கடை வாசலில் நின்றுகொண்டுதான் சித்தப்பா முதல் முறையாக அந்தக் கதையைச் சொன்னார். முப்பது வருஷத் தொழிலில் அவர் பயந்ததாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் எடுத்தது ஸ்டில் எம்எஸ் 180. 31.8 சிசி, நாலு கிலோவை ஒட்டிய எடை, 14 அங்குல பார். இது டாப் ஹேண்டில் இல்லை, சாதாரணப் பின்கைப்பிடி மெஷின்தான். தோட்டத்து வேலைக்கென்று செய்தது, தொழில்முறை மெஷின் என்று கம்பெனியே சொல்லாது. இருபதாயிரத்துச் சொச்சம் பில். பையன் முகம் தொங்கிப்போயிற்று. "58 எங்க, 31 எங்க சித்தப்பா? காசு மூணு பங்கு குடுத்துப் பாதி மெஷினா?"

கணக்குப்படி அவன் கேட்டது நியாயம். ஆனால் சிசி என்பது பாரின் நீளத்தோடும் மரத்தின் கனத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு அடி மரத்துக்கு 14 அங்குல பாரைச் சுழற்ற 31 சிசி போதும். பெரிய பாரை மாட்டினால்தான் பெரிய இஞ்சின் வேண்டும், பெரிய இஞ்சினால் எடை கூடும், எடை கூடினால் கை களைக்கும். எல்லாம் பாரிலிருந்து ஆரம்பிக்கிறது. அடிமரம் வெட்ட, புளிய மரத்துத் தூர் அறுக்க, அப்போது மட்டும் பெரிய மெஷின் வேண்டும். அதை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது சித்தப்பா கணக்கு. உலகமெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரே மெஷினோடு இருப்பதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. கீழே இருப்பது எம்எஸ் 661 மாதிரி 91 சிசி பூதமாகக்கூட இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் தலைக்கு மேல் நீட்டப் போவதில்லை.

அந்த 8,000 ரூபாய் மெஷின் மோசம் என்று சொல்லிவிட முடியாது. தரையில் விழுந்து கிடக்கிற மரத்தைத் துண்டு போட அது தாராளமாகப் போதும். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கழற்றுவார். கஜாவில் விழுந்த மரங்களில் பெரும்பகுதியை அப்புறப்படுத்தியதில் அந்த மலிவு மெஷின்களுக்குப் பெரிய பங்கு இருக்கும். மேலே கொண்டு போவதுதான் பிரச்சினை. அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் சுமாராக இருப்பதால் கை மரத்துப்போகும். செயின் பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்பது அதிர்ஷ்டம். தரையில் அதிர்ஷ்டத்தை நம்பிக் கொஞ்ச தூரம் போகலாம்.

வாங்கின பிறகும் கதை முடியவில்லை. பழைய ஆட்கள் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலப்பார்கள், மலிவு மெஷின்களுக்கு 25-க்கு 1 என்று எழுதியிருக்கும். இந்த மெஷினுக்கு 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. வாடகை மெஷினுக்கு ஒரு தண்ணி பாட்டில், இதற்கு ஒரு தண்ணி பாட்டில். மாற்றி ஊற்றினால் ஒன்று புகை கக்கும், இன்னொன்று பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். பையன் ஒரு பாட்டிலில் சிவப்புத் துணி கட்டி வைத்தான். செயினுக்கு ஊற்றுகிற ஆயில் தனி. அதற்கு ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மண்ணும் இரும்புத் தூளும் கலந்த அந்த ஆயில் பாரின் காடியைத் தின்றுவிடும்.

தென்னையில் இன்னொரு சங்கடம். மற்ற மரங்களுக்கு நடுவில் வைரம், தென்னைக்கு வெளியில் வைரம். வெளிச்சுற்று கல் மாதிரி, நடுவில் பஞ்சு மாதிரி. வெளிச்சுற்றைத் தொட்டதுமே செயின் பல் மழுங்கத் தொடங்கும். அறுக்கும்போது சீவலாக வந்தால் சரி, மாவாகக் கொட்டினால் இறங்கி அரம் போட வேண்டும். அந்தச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம். மழுங்கின செயினோடு அமுக்கி அறுக்கிறவன்தான் கை நழுவுகிறவன். அதனால் சித்தப்பா ஒரு விதி போட்டார்: மேலே போகிற மெஷின் தரையில் ஒரு மட்டையைக்கூட வெட்டக் கூடாது. ஒரு தடவை மணலில் பட்டால் போதும், பல் போய்விடும். பையன் ஒரு வாரம்கூட இந்த விதியை மதிக்கவில்லை. ஏறின பிறகு பாதி மரத்தில் மாவு கொட்ட ஆரம்பித்து, இறங்கி அரம் போட்டுவிட்டு மறுபடி ஏறினான். அதன்பிறகு மதித்தான். அறுபதடியை இரண்டு தடவை ஏறினால் யாரும் மதிப்பார்கள்.

இப்போது பேட்டரி மெஷின்கள் வந்துவிட்டன. ஸ்டில், ஹஸ்க்வார்னா இரண்டிலுமே டாப் ஹேண்டிலில் பேட்டரி உண்டு. மரத்தில் தொங்கிக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும். சத்தம் குறைவு, கீழே நிற்பவர் சொல்வது காதில் விழும். மேலே இருப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கஜாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் சார்ஜ் போடவே ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள். புயலுக்குப் பிறகுதான் மெஷினுக்கு வேலை, புயலுக்குப் பிறகுதான் கரண்ட் இருக்காது! இந்த ஒரு காரணத்துக்காகவே கடலோரத்து ஆளுக்குப் பெட்ரோல் மெஷின் ஒன்றாவது வேண்டும்.

மெஷின் போக மிச்சம் இருந்த ஆறாயிரத்துச் சொச்சத்தில் பையன் ஒரு ஹெல்மெட்டும் செல்போன் கவரும் வாங்க நினைத்தான். சித்தப்பா விடவில்லை. உள்ளே இரும்பு ஒயர் ஓடுகிற இடுப்புக் கயிறு ஒன்றைச் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தார். ஒயர் இருப்பதால் செயின் ஷா வெட்டாது என்று அர்த்தமில்லை. சட்டென்று அறுந்து போகாமல் ஒரு நொடி கொடுக்கும், அவ்வளவுதான். அதோடு இன்னொரு சாதாரணக் கயிறு. மெஷின் ஓடும்போது இரண்டு கட்டு இருக்க வேண்டும் என்பது வெளிநாடுகளில் எழுதி வைத்த விதி. சித்தப்பாவுக்கு அது பண்ருட்டி விதி. ஹெல்மெட்டுக்குக் காசு பத்தவில்லை, பைக் ஹெல்மெட்டைக் கண்ணாடி கழற்றிப் போட்டுக்கொண்டான். மரம் ஏறுகிற ஹெல்மெட் வேறு, ஆனாலும் வெறுந்தலைக்கு இது தேவலாம்.

விழுந்த மரங்கள் நாலைந்து மாசத்தில் தீர்ந்தன. அதன்பிறகுதான் ஏறுகிற வேலை நிஜமாக வந்தது. புயலில் விழாமல் நின்று, குருத்து முறுக்கிப்போய், மெல்ல மெல்லச் செத்த மரங்கள். வீட்டு ஓரத்தில், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், கரண்ட் கம்பி ஓரத்தில். கொண்டை ஒருநாள் தானாக முறிந்து ஓட்டில் விழும் என்ற பயத்தில் ஆட்கள் கூப்பிட்டார்கள். 58 சிசி வாங்கின பலருக்கு அப்போது வேலை இல்லை, மெஷின் திண்ணையில் கிடந்தது. பையனுக்கு இருந்தது. தோடு 2019 ஆடிக்கு முன்னால் மீண்டது, சங்கிலிக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இன்றைக்கும் வேலை நடக்கிற விதம் இதுதான். கீழேயே மெஷினை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி, அணைத்து, பிரேக்கைப் போட்டுக் கயிற்றில் கட்டுவார் சித்தப்பா. இப்போது அவர் ஏறுவதில்லை, முட்டி வலி. மேலே மட்டையெல்லாம் கழித்துவிட்டுப் பையன் கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டுவான். மெஷின் மெதுவாக மேலே போகும். அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் கீழேயிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"மறுபக்கம் பாத்தியா?"

"பாத்துட்டேன் சித்தப்பா."

"எட்டிப் பாத்தியான்னு கேட்டேன்."

அவன் மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பான். செயின் பட்டால் இஞ்சினை அடைத்து நிறுத்துகிற அந்த நார் வைத்த பேன்ட் மட்டும் இன்னும் வாங்கவில்லை. இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எவன் ஏறுவான் என்கிறான். சித்தப்பா இந்த ஒரு விஷயத்தில் அவனை எதிர்த்துப் பேச முடியாமல் வாயை மூடிக்கொள்கிறார். அவரும் முப்பது வருஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினவர்தானே.